வாங்காத தெரு

துவைத்துக் காயப்போட்ட துணி மாலைக்குள் கறுத்துப்போவதைத்தான் கோகிலவாணி முதலில் கவனித்தாள். காலையில் மொட்டை மாடிக் கொடியில் போட்ட வெள்ளைச் சீருடையை எடுத்து உதறினால், அடுப்புக்கரியைத் தொட்டதுபோல் விரல்களில் ஒட்டியது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் வழுவழுவென்று பரவியதே ஒழியப் போகவில்லை. மில் புகை என்றார் ஒருவர். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றார் இன்னொருவர். தென்றல் நகரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

பிறகு வதனிக்கு இருமல் வந்தது. ஏழு வயதுப் பிள்ளை. ஓடினால் நிற்காது, உட்கார்ந்தால் பேச்சை நிறுத்தாது. அவள் இப்போது மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடும்போது உள்ளே யாரோ மெல்ல விசிலடிப்பது போலக் கேட்டது. மருத்துவர், மருந்தை ஆவியாக மூச்சில் இழுக்கும் நெபுலைசருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "தூசு இல்லாத எடமாப் பாத்துப் போயிட்டா நல்லதுங்க" என்றார். சொந்த வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கோகிலவாணியும் அவள் கணவன் கதிரேசனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தென்றல் நகர் கோவையின் கிழக்கு ஓரத்தில், பைபாஸ் சாலையை ஒட்டி இருந்தது. கோகிலவாணி வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள். நகர்ச் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். அந்த நகரில் கடை என்று ஒன்றும் கிடையாது. ஒரு மளிகைக் கடையும் ஒரு மருந்துக் கடையும் இருந்து, ஆள் வராமல் மூடிப்போயின. 'வாசல்' என்ற நிறுவனத்தின் பச்சை வண்டிகள் வந்த பிறகு கடைக்கு யார் போவார்கள்? போனில் தொட்டால் பத்து நிமிடத்தில் பொருள் வாசலில் இருக்கும். உலை கொதிக்க ஆரம்பித்த பிறகு அரிசி வாங்குகிற வீடுகள் உண்டு. யாரும் எதையும் வாங்கி வைப்பதில்லை. ஓட்டுநர் இல்லாத அந்தப் பெரிய வண்டிகள் இரவும் பகலும் பைபாஸிலும் நகரைச் சுற்றிய சாலைகளிலும் சத்தமில்லாமல் உருண்டுகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஓர் இலை வரைந்து 'புகையில்லாப் பயணம்' என்று எழுதியிருந்தது.

கோகிலவாணியின் தம்பி நவநீதன் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தான். மருமகளைப் பார்க்க ஒரு விடுமுறை நாளில் வந்தவன், மாடிக்கு வந்து கைப்பிடிச் சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்தான். விரலைப் பார்த்துவிட்டு, கீழே போகும் வண்டிகளைப் பார்த்தான்.

"அக்கா, இந்த வண்டியெல்லாம் எங்கிருந்து எங்க போகுதுன்னு நெனைக்கறீங்க?"

"குடோன்ல இருந்து வீட்டுக்கு. வேற எங்க?"

"குடோனே இல்லீங்க்கா. இதுதான் குடோன். ஒரு எடத்துல கட்டடம் கட்டி வச்சா, அங்கிருந்து வீட்டுக்கு வர நேரமாகுது. அதனால சரக்க வண்டியிலயே வச்சு, எங்க வாங்குவாங்கன்னு கம்ப்யூட்டர் கணக்குச் சொல்லுதோ அங்க சுத்த விட்டுர்றது. நிக்கவே நிக்காது."

"சுத்தட்டுமே. அதுலதான் புகை இல்லையே?"

"புகை இல்லீங்க்கா. டயர் தேயுமில்லீங்களா? பேட்டரி ஒரு கனம், சரக்கு ஒரு கனம். இராப்பகலா உருண்டா அந்த ரப்பர் எங்க போகும்?" விரலை அவளிடம் நீட்டினான். "இங்கதான் இருக்கு."

கோகிலவாணி அந்தக் கறுப்பையே பார்த்தாள். வதனி உள்ளே இருமுவது மாடிவரை கேட்டது.

"ஊரெல்லாம் விட்டுட்டு எங்க நகரையே ஏண்டா சுத்தணும்?"

அவன் தயங்கினான். "நீங்க நெறைய வாங்கறீங்க, அதான்."

"நாங்க அப்படி என்னத்த வாங்கறோம்?"

"முகமூடி. நெபுலைசர் மருந்து. காத்து வடிகட்டற மெஷினு, அதுக்கு மாத்தற ஃபில்டரு. கறை எடுக்கற பவுடரு. இந்த ஜில்லாவுலயே உங்க நகர்லதான் எல்லாம் பறக்குது. வாங்க வாங்க வண்டி கூடும்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. வண்டி வந்ததால் இருமல். இருமலால் மருந்து. மருந்து வாங்குவதால் இன்னும் வண்டி. வதனிக்காகத் தொட்ட ஒவ்வொரு தொடுகையிலும் அந்தச் சக்கரங்களைத் தன் வீட்டுப் பக்கம் இழுத்தது தான்தான் என்று தோன்றியது.

"இது தெரிஞ்சேவா செய்யறாங்க?"

"யாரும் செய்யலீங்க்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கணக்குக்கு இருமல்னா என்னன்னே தெரியாது. ஃபில்டர் வேணும்ங்கறது மட்டுந்தான் தெரியும். நான் ரெண்டு தடவ எழுதிக் குடுத்துப் பாத்தேன். விற்பனை நல்லாத்தானே இருக்குன்னாங்க."

அந்த வாரமே அவள் நகர்ப் பூங்காவில் கூட்டம் கூட்டினாள். தம்பியின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். எல்லாரும் வாங்குவதை நிறுத்தினால் வண்டிகள் போய்விடும், அவ்வளவுதான். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற துரைசாமி எழுந்தார்.

"சோத்துக்கு என்னம்மணி பண்றது?"

"வாரத்துக்கு ஒருநாள் வேன் பேசி உக்கடம் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரலாமுங்க. காய், அரிசி எல்லாம் சேத்து வாங்கிப் பிரிச்சுக்கலாம்."

"நெனச்ச நேரத்துக்கு ஒரு சோப்புக்கூட வாங்க முடியாதுன்னு சொல்லுங்க" என்று முனகினார். ஆனால் அவருக்கும் பேரன் இருந்தான், அவனும் இருமினான்.

முதலில் கையைத் தூக்கியது எதிர்வீட்டு டெய்சி டீச்சர்தான். தனியாக இருப்பவர். "நான் வரேன் கோகிலா. மருந்து மட்டும் வாங்கிக்கலாமில்ல?" என்று கேட்டார்.

"மருந்துக்கு என்னங்க டீச்சர், தாராளமா" என்றாள் கோகிலவாணி.

முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் மாலை, பால்கனியில் நின்ற கதிரேசன், "பாரேன், சாலை காலியா இருக்கு" என்றான். மறுநாள் இன்னும் குறைந்தது. அடுத்த வாரம் தொடக்கத்தில் நகரைச் சுற்றிய சாலையில் மாடு ஒன்று நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொடியிலிருந்து எடுத்த சட்டை வெள்ளையாகவே இருந்தது. கோகிலவாணி அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். அன்று வதனி ஒரே மூச்சில் மாடிக்கு ஓடிவந்து, "அம்மா, நான் நிக்கவே இல்ல!" என்று கத்தினாள். கோகிலவாணி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் தான் சொன்னது பலித்துவிட்டது என்ற பெருமையும் அந்த அழுகையில் இருந்தது.

வண்டிகள் எங்கே போயின என்று அவள் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி வேன் போன பிறகு, எதிர்வீட்டுக் கதவு திறக்காததைப் பார்த்துப் போய்த் தட்டினாள். டெய்சி டீச்சர் சோபாவில் சாய்ந்து கிடந்தார். மூச்சு ஆழமாக, வேகவேகமாக வந்தது. பழுத்து அழுகிய பழம்போல ஒரு வாடை. பக்கத்துத் தரையில் காலியான இன்சுலின் பேனா கிடந்தது.

"டீச்சர்! ஊசி போடலீங்களா?"

"தீந்துபோச்சு. ஆர்டர் போட்டேன். நாளைக்குச் சாயங்காலம்னு வருது." நாக்கு உலர்ந்து வார்த்தை ஒட்டியது. "வெள்ளிக்கிழமையில இருந்து பாதிப் பாதியாத்தான் போட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"வேற நாலஞ்சு சாமான் சேத்து வாங்குனா சீக்கிரம் வரும்னு போன்லயே வந்துச்சு. நான் வாங்குனா வண்டி வந்துருமே. புள்ளைங்க இப்பத்தான் நல்லா இருக்குதுங்க..."

கோகிலவாணி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், அவிநாசி சாலை நெரிசலில் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வாடகைக் காருக்கும் அதே கதை. கதிரேசன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்சுலின் வச்சிருக்கற வண்டி பைபாஸுக்கு அந்தப் பக்கம், ஆசிரியர் காலனியச் சுத்திட்டு இருக்குங்க்கா. இங்கிருந்து ஆறேழு நிமிஷம்."

"அனுப்புடா!"

"என்னால முடியாதுங்க்கா. யாராலயும் முடியாது. உங்க தெரு யாரும் வாங்காத செத்த தெருன்னு கணக்கு முடிவு பண்ணிருச்சு. ஒத்த ஆர்டருக்கு அசையாது. எல்லாரும் சேந்து வாங்கணும். இப்பவே."

"என்னத்த வாங்கறது?"

"எதையாவது!"

அவள் தெருவுக்கு ஓடிவந்து கத்தினாள். ஜன்னல்கள் திறந்தன. துரைசாமி லுங்கியோடு வெளியே வந்தார். "எல்லாரும் போனை எடுங்க! எது கண்ணுல படுதோ அத வாங்குங்க. டீச்சருக்கு மருந்து வரணும்!" முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் தெருவே குனிந்த தலையோடு போனைத் தொட ஆரம்பித்தது. குடை, தலையணை, கார்த்திகை விளக்கு, பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி. நாயே இல்லாத வீட்டில் நாய்க்குக் கழுத்துப்பட்டை வாங்கினார்கள். துரைசாமி மூன்று கேரம் போர்டு வாங்கினார். கோகிலவாணி ஒரு கையால் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எதையெல்லாமோ தொட்டாள். திரையில் 'நாளை மாலை' என்பது 'இன்று மாலை' ஆனது. பிறகு 'ஒரு மணி நேரம்'. பிறகு 'ஐந்து நிமிடம்'.

வந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் முனை திரும்பி வந்தன. அவற்றைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. குளிர்ப் பெட்டியைக் கிழித்து எடுத்துக் கொடுத்தபோது டீச்சர் தானே வயிற்றில் குத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸும் வந்து அவரை ஏற்றிக்கொண்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மெலிந்து, கண் மங்கி வீட்டுக்கு வந்தார். "உன்மேல தப்பில்ல கோகிலா" என்றார். அதைக் கேட்க அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பூங்காவில் பெட்டிகள் குவிந்து கிடந்தன. திருப்பி அனுப்பலாமா என்று தம்பியிடம் கேட்டாள்.

"அனுப்புனா அத எடுக்க மறுபடி வண்டி வரும். அப்பறம் எரிச்சுருவாங்க. பிரிச்சுப் பாத்து அடுக்கறத விட எரிக்கறது சுலபம்" என்றான் நவநீதன். பெட்டிகள் அங்கேயே கிடந்து மழையில் ஊறின.

வண்டிகள் போகவில்லை. முன்பைவிட அதிகமாக உருண்டன. துணி கறுத்தது. வதனி மறுபடி படியில் நின்றாள். இந்த முறை எல்லாரும் சொல்லாமலே வாங்குவதை நிறுத்தினார்கள். மருந்துகளை முன்கூட்டியே சேர்த்து டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. தென்றல் நகரில் ஒரு தீப்பெட்டிகூட யாரும் வாங்கவில்லை. வண்டிகள் நாளுக்கு நாள் கூடின.

"என்னடா இது?" என்று அவள் நவநீதனைப் போனில் கேட்டாள்.

"அக்கா, அது கத்துக்கிச்சு."

"என்னத்த?"

"போன தடவ நீங்க சுத்தமா நிறுத்துனீங்க. அப்பறம் திடீர்னு அத்தனையும் அள்ளுனீங்க. வேற எந்தத் தெருவும் ஒரே நேரத்துல அப்படி வாங்குனதில்ல. இப்ப நீங்க வாங்காம இருந்தா, பெருசா ஏதோ வாங்கப் போறீங்கன்னு அது எடுத்துக்குது. எத்தன நாள் வாங்காம இருக்கீங்களோ, அத்தனைக்கு வண்டி கூடும்."

"வாங்குனாலும் வரும். வாங்காட்டியும் வரும்."

"ஆமாங்க்கா."

"அப்ப எதச் செஞ்சாத்தான் போகும்?"

"உங்கள விட அதிகமா வேற யாராவது வாங்கணும். வண்டி குறையாதுங்க்கா. எடந்தான் மாறும்." விரக்தியாகத்தான் சொன்னான். ஆனால் அவள் மனதில் அது போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மத்தியானம் வதனிக்கு நெபுலைசரை மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புகைபோல மருந்து முகமூடியிலிருந்து கசிந்தது. பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்தது. சங்கச் செயலாளர்களுக்கு 'வாசல்' அவ்வப்போது தள்ளுபடி எண்கள் அனுப்பும். கோகிலவாணி ஒன்றை எடுத்தாள். ஆசிரியர் காலனியின் செயலாளர் ஷமீமாவின் பெயரைத் தேடினாள். பள்ளி வேன் நிற்கும் இடத்தில் பழக்கமானவள், பிரியமாகப் பேசுகிறவள். 'ஷமீ, உங்க காலனிக்குன்னு கேட்டு வாங்கினேன். பாதி விலை. எல்லாருக்கும் சொல்லுங்க' என்று எழுதினாள். விரல் அனுப்பும் இடத்தின்மேல் நின்றது. அந்தக் காலனியிலும் பிள்ளைகள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது போல இருக்க முயன்றாள்.

அவள் அனுப்புவதற்குள் ஒரு செய்தி வந்தது. ஷமீமாதான்.

'கோகிலாக்கா, உங்க நகருக்குன்னு சொல்லி வாங்கியிருக்கேன். முக்கால்வாசி தள்ளுபடி. எல்லாரையும் வாங்கச் சொல்லுங்க.'

கோகிலவாணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முதலில் கோபம் வந்தது. தான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்ததும் கோபம் போய், முகம் சுட்டது. எழுதியதை அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"ஷமீ, உங்களுக்கும் தெரியுமா?"

மறுமுனையில் ஓர் இருமல் கேட்டது. சின்ன இருமல், அதன் கடைசியில் விசில். கோகிலவாணிக்கு அந்தச் சத்தம் பழக்கமானது.

"உங்க தெரு நிறுத்துச்சே, அப்ப இருந்து எங்களுக்கு" என்றாள் ஷமீமா. "என் பையனுக்கு ஆரம்பிச்சதே அப்பத்தானுங்க. நீங்க மறுபடி வாங்குன அன்னிக்குத்தான் எங்க பக்கம் கொஞ்சம் தெளிஞ்சது. ஏன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டோம். அதான்... மன்னிச்சுருங்கக்கா."

"நானும் உங்களுக்கு எழுதி வச்சிருந்தேன், ஷமீ."

வதனி முகமூடியை விலக்கிக் கேட்டாள்: "யாரும்மா இருமறாங்க?"

"அந்தப் பக்கத்துத் தம்பி."

"அவனுக்கு மருந்து இருக்கா?"

ஷமீமாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "தீரப் போகுது. ஆர்டர் போடறதா வேண்டாமான்னு போனைக் கையில வச்சுட்டு உக்காந்திருக்கேன்" என்றாள்.

"போடாதீங்க. எங்ககிட்ட சேத்து வச்சது இருக்கு. பைபாஸ் பாலத்துக்கு அடியில வந்து நில்லுங்க. நான் கொண்டாறேன்."

பிள்ளையை டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு, மருந்துப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். பாலத்தின் மேலே சக்கரங்கள் விடாமல் உருளும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அடியில் இருட்டாக, ரப்பர் வாடையாக இருந்தது. ஷமீமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். பையை வாங்கும்போது அவள் கை கோகிலவாணியின் கையை ஒரு கணம் இறுக்கிப் பிடித்தது.

கோகிலவாணியின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'நெபுலைசர் மருந்து தீர்ந்துவிட்டதா? நீங்கள் நிற்கும் இடத்துக்கே நான்கு நிமிடத்தில்.'

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே போன வரிசையிலிருந்து ஒரு பச்சை வண்டி பிரிந்து, இறக்கத்தில் இறங்கி, பாலத்தை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொன்றும் திரும்பியது.

"நாம போன்ல பேசுனத அது கேட்டிருக்கு" என்றாள் ஷமீமா. அவள் கையில் போன் இல்லை. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். "அடுத்த தடவ நீங்களும் போன் இல்லாம வாங்கக்கா. வீட்டுல எது மிச்சமோ கொண்டாங்க, நானும் கொண்டாறேன்."

"எப்ப வரட்டும்?"

"நேரத்தச் சொல்லாதீங்க" என்றாள் ஷமீமா, குரலைத் தாழ்த்தி. "நான் தெனமும் வந்து நிக்கறேன்."